மூன்று பை ஹொப்ஸும் இரண்டு மிடறு பியரும்

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் மதுவிலக்குச் சங்கம் 1981ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஓர் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றியது. இருபத்தாறு வருடம் செயலாளராக இருந்து காலமான திரு. பஸ்தியாம்பிள்ளை அவர்கள் "வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவையும் நாவில் வைத்தறியாதவர்" என்று அதில் எழுதப்பட்டிருந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். அதில் இருவர் சோடா கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள்.

தீர்மானத்தில் ஒரு பிழை உண்டு. பஸ்தியாம்பிள்ளை இரண்டு மிடறு குடித்தவர். முதல் மிடறு 1972 மார்கழியில். இரண்டாவது மிடறு 1979 பங்குனியில். இரண்டுக்கும் இடையிலிருந்த ஆறு வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில் அவர் ஒரேயொரு கேள்வியோடுதான் எழும்பினார், அதோடுதான் படுத்தார்: சரியான ஹொப்ஸைத்தான் எடுத்தேனா?

ஹொப்ஸ் என்பது குளிர்நாட்டில் கொடியில் பூக்கும் ஒரு பச்சைப் பூ. பியருக்குக் கசப்பும் வாசமும் அதிலிருந்துதான் வருகிறது. மதுவிலக்குச் சங்கச் செயலாளர் ஒருவருக்கு இந்த அறிவு எப்படி வந்தது என்பதைச் சங்கத்தின் நன்மை கருதி விளக்கமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

பஸ்தியாம்பிள்ளையின் தொழில் குளிர். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் துறைமுக டொக்யாட்டில் கடற்படையின் குளிரறையைப் பார்த்துக்கொண்டார். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக் கப்பலேறிக் கையாட்டிக்கொண்டு போனபோது பட்டினத்தில் பாதிப்பேருக்கு வேலை போனது. பஸ்தியாம்பிள்ளைக்கு மட்டும் இடம் மாறியது. மீன் நாறாமல் இருப்பதற்குச் சுதந்திர நாட்டுக்கும் ஐஸ் வேண்டியிருந்தது. கடற்கரையோர ஐஸ் பக்டரியில் இயந்திரம் பார்ப்பவராகச் சேர்ந்தார். ஊரே வேர்த்து ஒழுகும் சித்திரை மாதத்திலும் கம்பளிச் சட்டையோடு வேலைக்குப் போன ஒரே மனிதர் அவர்தான்.

தொழில் குளிர் என்றால், தொண்டு மூக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் குனிந்து தோத்திரம் சொல்வார். குனிவது மணப்பதற்கு. "சல்லிக் கிராமத்துக் கள்ளு, நேற்றுப் பின்னேரம்" என்பார் மெல்ல. குற்றவாளி தலை குனிந்துகொண்டு உள்ளே போவான். ஒருமுறை பூசை முடிந்து வெளியே வந்த புதுக் குருவானவரிடமே குனிந்து, "திராட்சை, இப்பதான்" என்று சொல்லிவிட்டார். பிறகுதான் அது பூசை இரசம் என்று ஞாபகம் வந்தது.

அந்த மூக்கு விட்டுக்கொடுத்த இடம் ஒன்றுதான். மனைவி மரியம்மா அப்பமாப் புளிப்பதற்குக் கள்ளு ஊற்றுவாள். அதைக் குடிப்பது மாவேயன்றி மனிதனல்ல என்று சங்கத்தில் தீர்மானம் எடுத்து அந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டார்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, கிறிஸ்தோபர். அறுபத்தாறில் அவனுக்குச் செக்கோஸ்லோவாக்கியாவில் பொறியியல் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் சிநேகிதர்கள் சேர்ந்து பிரியாவிடை வைத்தார்கள். அவன் வீட்டு வாசற்படி ஏறியபோது தகப்பன் குனிந்தார்.

"லாகர் பியர். அரைப் போத்தல். ஐஸ் போட்டது," என்றார். "அதுவும் என்ரை ஐஸ்."

கிறிஸ்தோபர் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக்கூடாது.

"அப்பா, பெடியள் ஆசைக்கு..."

"குடிச்ச வாயாலை என்னை அப்பா எண்டு கூப்பிடாதை."

மகன் சொல்வழி கேட்டு வளர்ந்தவன். அன்றிலிருந்து கூப்பிடவில்லை. மறுநாள் அவன் கொழும்பு றெயில் ஏறிய நேரத்தில், பஸ்தியாம்பிள்ளை முந்தினநாள் எண்ணெய் விட்ட இயந்திரத்துக்கு இன்னொருமுறை எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

மாதம் ஒரு கடிதம் வந்தது. "அன்புள்ள அம்மா" என்று தொடங்கும். மரியம்மாவுக்கு எழுத்து வராது. ஆகவே தனக்கு எழுதப்படாத கடிதங்களைத் தகப்பனே சத்தமாக வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. செய்தி வாசிக்கும் வானொலிக்காரரைப்போல ஒட்டாமல் வாசிப்பார். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்." வீட்டில் எல்லோரும் என்றால் பஸ்தியாம்பிள்ளையும் ஒரு பூனையும்.

"பூனையைக் கேட்டிருக்கிறான்," என்று சொல்லிக் கடிதத்தை மடித்து மரியம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

இரண்டாம் வருடம் ஒரு கடிதத்தில், மாணவர்களையெல்லாம் லொறியில் ஏற்றி ஹொப்ஸ் பிடுங்குவதற்குத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள் என்று எழுதியிருந்தான். பஸ்தியாம்பிள்ளை டொக்யாட்டில் ஆங்கிலம் பழகியவர். அங்கே அதிகாரிகள் அப்பத்தை ஹொப்பர்ஸ் என்பார்கள். ஆகவே மனைவிக்கு விளக்கம் கொடுப்பதில் அவருக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

"ஹொப்ஸ் எண்டா அப்பம்."

"அப்பத்தை எப்பிடிப் பிடுங்கிறது?" என்றாள் மரியம்மா.

"குளிர் நாடு. அங்கை என்ன எதிலை காய்க்குதோ, ஆருக்குத் தெரியும்."

மரியம்மா அன்று முழுவதும் யோசித்தாள். அப்பம் காய்க்கிற நாட்டில் பிள்ளைக்கு அப்பச்சட்டி இல்லாவிட்டால் என்ன பிரயோசனம்? இரும்புச் சட்டியொன்றைச் சாக்கில் சுற்றித் தைத்துத் தபாலில் அனுப்பிவைத்தாள். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: "அம்மா, சட்டி கிடைத்தது. ஹொப்ஸ் அப்பமல்ல. பில்ஸ்னர் என்று இங்கே ஒரு பியர் இருக்கிறது. அதற்குப் போடும் பூ. அந்தப் பியரை ஆறு கிழமை ஐஸ் குளிரில் படுக்கப்போட வேண்டும். இல்லாவிட்டால் அது பில்ஸ்னர் இல்லை என்கிறார்கள்."

பஸ்தியாம்பிள்ளை பியர் என்ற சொல்லைத் தாண்டிப் போனார். "மருந்துக்குப் போடுற பூவாம்," என்று வாசித்தார்.

"அப்ப அப்பமாவுக்கும் போடலாம்தானே?"

"ஏலாது. கசக்கும்."

எழுபத்திரண்டு ஆடியில் தேயிலை ஏற்றுவதற்கு ஒரு செக்கோஸ்லோவாக்கியக் கப்பல் உட்துறைமுகத்துக்கு வந்தது. அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. ஆனாலும் கப்பல் இருந்தது. எங்களிடம் உலகமே புகழ்கிற துறைமுகம் இருந்தது. அதற்குமேல் இந்த விஷயத்தைக் கிளறாமல் விடுவது நாட்டுக்கு மரியாதை. கப்பலில் வந்த யோசெப் என்ற மாலுமி கிறிஸ்தோபரின் சிநேகிதன். பஸ்தியாம்பிள்ளை அவனுக்கு உடனே சூசை என்று பெயர் வைத்தார். யோசெப்பும் சூசையும் ஒரே அர்ச்சிஷ்டவரின், ஒரே புனிதரின், பெயர்தானே.

சூசை கொண்டுவந்த பொதியைத் துறைமுக வாசலில் சுங்க உத்தியோகத்தர் பிரித்துப் பார்த்தார். உள்ளே மூன்று துணிப்பைகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று மையால் எழுதியபடி. பைக்குள் காய்ந்த பச்சைப் பூக்கள்.

"வாட் இஸ் திஸ்?"

"ஹொப்ஸ்," என்றான் சூசை.

"ஹொப்பர்ஸா?" உத்தியோகத்தர் பஸ்தியாம்பிள்ளை பக்கம் திரும்பினார். "ஐயா, அப்பமெண்டு சொல்லுறான். இதென்ன, சருகாய்ப் போய்க் கிடக்கு?"

பியருக்குப் போடும் பூ என்று சங்கச் செயலாளர் எப்படிச் சொல்வது?

"கன தூரம் வந்ததெல்லே, தம்பி," என்றார்.

அன்று மாலையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் ஒரு பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டார். எதைப்பற்றி என்று குருவானவர் கேட்டார். அப்பத்தைப்பற்றி என்றார். மூன்று அருள்நிறை மந்திரத் தவத்தோடு குருவானவர் விட்டுவிட்டார்.

பொதியோடு ஒரு கடிதமும் இருந்தது.

"அன்புள்ள அப்பா, குடித்த வாய்தான். என்றாலும் கூப்பிடுகிறேன். படிப்பு முடிந்துவிட்டது. மார்கழியில் நத்தாருக்கு வந்து ஒரு மாதம் நிற்பேன். யோசெப்பிடம் ஹொப்ஸ் கொடுத்துவிட்டிருக்கிறேன், போன வருடம் நானே பிடுங்கியது. பைகளில் இலக்கம் போட்டிருக்கிறேன். எதை எப்போது என்று வந்து சொல்கிறேன். இரண்டு பேருமாகக் காய்ச்சுவோம். முதல் கிளாஸ் உங்களுக்கு. குடிக்காவிட்டாலும் மணந்தாவது பாருங்கள்."

"என்ன எழுதியிருக்கிறான்?" என்று மரியம்மா கேட்டாள்.

பஸ்தியாம்பிள்ளை முதல் இரண்டு சொல்லை மட்டும் மூன்றுதரம் வாசித்துக் காட்டினார். பிறகு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அன்று லீவு நாள் என்பதை மறந்து, பக்டரிக்குப் போய்விட்டார்.

இரண்டு பேருமாகக் காய்ச்சுவதில் ஒரு சங்கடம் இருந்தது. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஐஸில் கிடக்கவேண்டிய சாமான். நத்தாருக்கு வந்து காய்ச்சினால் மாசியில்தான் ஆகும். மகன் தையோடு போய்விடுவான். ஆகவே அவன் வந்து இறங்கும்போது ஆயத்தமாக இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தார். அவன் வந்து சொல்வதற்கு முன்னமே சரியான பையைத் தாமே கண்டுபிடித்துக் காட்டவேண்டும். கோயில் வாசலில் ஊராரை மணந்த மூக்கு வேறெதற்கு?

ஆனாலும் இரண்டாவது அபிப்பிராயம் ஒன்று தேவைப்பட்டது. பங்கில் ஒருவரையும் நம்ப ஏலாது. குறிஞ்சாக்கேணியிலிருந்து தினமும் பாதைப்படகில் துறையைக் கடந்து வந்து பட்டினத்தில் நாட்டு மருந்துக்கடை நடத்தும் ஸெய்னுதீன் நானா பழைய சிநேகிதர். மார்க்கம் தடுத்ததால் குடிக்காதவர் அவர். சங்கம் தடுத்ததால் குடிக்காதவர் இவர். பியரைப்பற்றி ஒன்றுமே தெரியாத இரண்டு பேர் கொண்ட ஹொப்ஸ் தெரிவுக்குழு இவ்வாறு அமைந்தது. கடை ஆறுதலாக இருக்கும் திங்கட்கிழமைகளில் குழு கூடியது.

"இதில ஒண்டுதான் சரி நானா. மணந்து சொல்லுங்கோ."

ஸெய்னுதீன் மூன்று பையிலும் கைவிட்டுப் பூவை நசுக்கி மணந்தார். கொஞ்சம் குங்கிலியம், கொஞ்சம் காய்ந்த வைக்கோல், எங்கோ மிளகு.

"மூணும் ஒண்டுதான், பஸ்தியார்."

"உங்களுக்குச் சளி."

"நாப்பது வருசமா இந்த மூக்கு வெச்சித்தான் சோறு தின்றன்."

"குடிக்காத ஆளுக்கு இது விளங்காது நானா."

"அப்ப நீங்க?"

"நான் குடிக்கிறவங்களை மணக்கிறனான்."

ஸெய்னுதீன் பைகளை இன்னொருமுறை மணந்தார். மூன்று திங்கட்கிழமை ஆராய்ச்சி நடந்தது. ஒன்றாம் பை அதட்டுகிற மணம், ஆளைக் கிட்டவிடாது என்று பஸ்தியாம்பிள்ளை கண்டுபிடித்தார். மூன்றாம் பை அவசரக்காரன். மூக்கில் பட்டதும் போய்விடுகிறது. இரண்டாம் பையைத்தான் கனநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது கிறிஸ்தோபர் சின்னனிலை முழுகிப்போட்டு வரேக்கை தலை மணக்கிற மாதிரி இருக்கு."

ஸெய்னுதீன் மற்ற இரண்டு பைகளையும் கட்டினார். "அப்ப ரெண்டையே போடுங்க," என்றார்.

புரட்டாதியில் ஒரு ஞாயிறு மத்தியானம், பங்கு முழுவதும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம், ஐஸ் பக்டரியின் பின்பக்கம் காய்ச்சல் நடந்தது. நாட்டில் பாணுக்கே கோதுமை மா இல்லாத காலம், மோல்ட் என்கிற முளைவிட்ட பார்லிக்கு எங்கே போவது? பிள்ளைகளுக்குச் சத்துக்குக் கொடுக்கும் மோல்ட் பாகைத்தான் பாமசியில் வாங்கினார். முதல் தகரத்தில் மீனெண்ணெய் கலந்திருந்ததால் அந்தக் காய்ச்சல் கடலுக்குப் போனது. இரண்டாவது தகரம் சுத்தமானது. இரண்டாம் பை முழுவதையும் கொட்டிக் கால் மணித்தியாலம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பேக்கரி ஈஸ்ட் போட்டு, பொங்கி அடங்கியபின் சோடாப் போத்தல்களில் அடைத்தார். சரியாகப் பன்னிரண்டு வந்தது. அப்போஸ்தலர்களின் தொகை என்று மகிழ்ந்தார். மறுகிழமை ஒன்று தானாகவே வெடித்தது. அது யூதாஸ் என்றார். மிச்சப் பதினொன்றையும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே உமியால் மூடிப் படுக்கவைத்தார்.

ஐந்தாவது கிழமை தந்தி வந்தது. கிறிஸ்தோபர் நிமோனியாவால் இறந்துபோனான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குச் செத்தவனைக் காட்ட முடியவில்லை. ஒரு படத்தை வைத்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். மரியம்மா அழுதாள். பஸ்தியாம்பிள்ளை வந்தவர்களுக்குக் கதிரை இழுத்துப்போட்டார். பின்னேரம் ஸெய்னுதீன் வந்து பக்கத்தில் இருந்தபோது அவரிடம் சொன்னார்.

"குளிர்தான் நானா கொண்டுபோனது. இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேலை அதுக்கு வேலை செய்தனான். அதுக்கு என்னைத் தெரியும். என்ரை பிள்ளையைத் தெரியாமல் போச்சுது."

மார்கழியில் மகனுக்கு முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்ததும் நேரே பக்டரிக்குப் போய் உமியைக் கிளறி ஒரு போத்தலை எடுத்துத் திறந்தார். ஒரு மிடறு குடித்தார். ஐம்பத்து மூன்று வயதில் அதுதான் முதல் தரம். தித்தித்தது. கசப்பு என்று சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மணம் என்றும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பில்ஸ்னர் எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. சொல்லக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான்.

பிழையான பையை எடுத்துவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டார். மிச்சத்தை ஐஸ் உருகி ஓடும் வாய்க்காலில் ஊற்றினார். மற்றப் பத்துப் போத்தலையும் ஊற்றினார். ஒன்றாம் பையையும் மூன்றாம் பையையும் தகரத்தில் அடைத்துக் குளிரறையின் மேல்தட்டில் வைத்தார்.

தை கழிந்து மகனின் பெட்டி வந்தது. உடுப்பு, புத்தகம், அடியில் சாக்குத்துணியில் சுற்றிய அப்பச்சட்டி. சட்டியின் அடி கரிபிடித்திருந்தது. அவன் அதில் என்ன சுட்டான் என்று தெரியாது. ஏதோ சுட்டிருக்கிறான். மரியம்மா அந்தக் கரியை உரஞ்சவில்லை.

அதன்பிறகு பஸ்தியாம்பிள்ளை கோயில் வாசலில் நிற்கவில்லை. கடைசி வாங்கில் இருந்து பூசை கண்டுவிட்டுப் போனார். சங்க அங்கத்தவர்கள் பலர் நிம்மதியாகக் குடித்த காலம் அது. திங்கட்கிழமைகளில் மட்டும் மருந்துக்கடைக்குப் போவார்.

"ஒண்டாவதா இருக்குமோ நானா?"

ஸெய்னுதீன் கொத்தமல்லி நிறுத்துக்கொண்டிருப்பார்.

"அவன் வந்திருந்தா, ஒரு வாய் குடிச்சுப்போட்டு, 'என்னப்பா, பிழையானதைப் போட்டிட்டியள்' எண்டு சிரிச்சிருப்பான். சிரிச்சா நான் என்ன செய்திருப்பன் எண்டு தெரியேல்லை. திரும்பவும் ஏசியிருப்பனோ?"

"ஏச மாட்டீங்க."

"மூண்டாவதா இருக்குமோ?"

இப்படி ஆறு வருடம்.

எழுபத்தொன்பது பங்குனியில் அந்தக் கப்பல் மறுபடி வந்தது. சூசைக்குத் தலை நரைத்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவன், விசாரிக்கச் சொற்கள் போதாமல், ஒரு போத்தல் அசல் பில்ஸ்னரை இரண்டு கையாலும் நீட்டினான். பஸ்தியாம்பிள்ளை அவனை ஐஸ் பக்டரிக்குக் கூட்டிப்போய்த் தகரத்தைத் திறந்து இரண்டு பைகளையும் முன்னால் வைத்தார். "விச் ஒன்?" என்று கேட்டார். இரண்டாவதைத் தான் போட்டதாகவும், அது பிழை என்றும், சரியானது இதில் எது என்றும் டொக்யாட் ஆங்கிலத்தில் கையும் காலுமாக விளக்கினார்.

சூசைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பைகளைத் தொட்டுத் தலையாட்டினான்.

"சேம். ஒன், டூ, த்ரீ. சேம், சேம், சேம்."

பிறகு நிலத்தில் குந்தியிருந்து வெறும் கையால் ஒரு பானையை வரைந்து காட்டினான். கொதி தொடங்கும்போது ஒன்றாம் பை, கசப்புக்கு. நடுவில் இரண்டாம் பை, ருசிக்கு. இறக்கப்போகும்போது மூன்றாம் பை, வாசத்துக்கு. மூன்றும் ஒரே கொடியின் பூ. நேரம்தான் வேறு.

எதை எப்போது. பஸ்தியாம்பிள்ளை ஆறு வருடமாக 'எதை' என்ற சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறார். மகன் எழுதிய 'எப்போது' பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

"அப்ப பிழையானதை எடுக்க வழியே இல்லை?" என்று கேட்டார். சூசைக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் "யெஸ், யெஸ்" என்றான்.

சூசை போத்தலைத் திறந்து இரண்டு கிளாஸில் ஊற்றினான். பஸ்தியாம்பிள்ளை பழக்கதோஷத்தில் குனிந்து மணந்தார். பிறகு ஒரு மிடறு குடித்தார். கசந்தது. கண்ணில் தண்ணீர் வருமளவுக்குக் கசந்தது என்று சொல்லி அவருடைய கண்ணுக்கு ஒரு சாட்டுக் கொடுத்துவைப்பதில் தப்பில்லை. கிளாஸை மெல்லக் கீழே வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை மருந்துக்கடைக்குப் போனார்.

"மூண்டும் ஒண்டாம், நானா."

ஸெய்னுதீன் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா?" என்றார், அன்றுதான் கேள்விப்படுகிறவரைப்போல.

மிச்சம் இருந்த இரண்டு பைகளையும் என்ன செய்வதென்று மரியம்மாதான் தீர்மானித்தாள். அந்த வருடம் கார்த்திகை இரண்டாம் திகதி, மரித்தோர் நாளுக்கு, எல்லா வீட்டாரும் தங்களவரின் கல்லறை பார்க்கச் சேமக்காலைக்குப் போனார்கள். இவர்களுக்குப் போவதற்குக் கல்லறை இல்லை. மரியம்மா முதல்நாளே அந்தப் பூவை அவித்து வடித்து, கள்ளுக்குப் பதிலாக அந்தத் தண்ணியை அப்பமாவில் ஊற்றி வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, ஹொப்ஸெண்டா அப்பமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்," என்றாள்.

அவர் சட்டியை எடுத்துவந்து கொடுத்தார். ஸெய்னுதீனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கள்ளு ஊற்றிய மா என்பதால் இருபது வருடமாக அந்த வீட்டில் அப்பம் தொடாத மனிதர் அவர். அன்று வந்து இருந்தார். கரிபிடித்த சட்டி அடுப்பில் ஏறியது. மா பொங்கவில்லை, விளிம்பு முறுகவில்லை, தட்டையாக, மண்ணிறமாக வந்தது. மரியம்மா முதல் அப்பத்தைப் படத்துக்கு முன்னால் வைத்தாள். அடுத்ததைப் பிய்த்து இருவருக்கும் கொடுத்தாள்.

ஸெய்னுதீன் ஒரு துண்டை வாயில் வைத்து, வெகுநேரம் மென்று, விழுங்கினார்.

"எப்பிடி நானா?" என்று மரியம்மா கேட்டாள்.

"கசக்குது, தங்கச்சி."

"அப்ப சரியாத்தான் வந்திருக்கு," என்றார் பஸ்தியாம்பிள்ளை. தட்டை நீட்டி இன்னொன்று கேட்டார்.